சூட்கேஸில் வந்த தூளும் கன்டெய்னரில் வந்த தூளும்

கிளிநொச்சியில் பன்னிரண்டு பெண்கள் வறுத்து அரைத்த கறித்தூளுக்கு மெல்பேர்னில் இரண்டாவது ஓடர் கிடைத்துவிட்டது, அதுவும் முதலாவதைப்போல இரண்டு மடங்கு, அதை வாங்குபவர் வாயால் சொன்னபோது நான் ஸ்பிரிங்வேலில் அவருடைய கடைக் கவுண்டருக்கு முன்னால் பாதி கடித்த வடையோடு நின்றேன், மிச்சப் பாதி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

சரி, மூச்சு விட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த வலைப்பூவுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். மற்றவர்கள் நடிகர்களைப் பின்தொடர்வார்கள், நான் சரக்குக் கப்பல்களைப் பின்தொடர்கிறேன். எந்தக் கப்பல் கொழும்பை விட்டது, எது சிங்கப்பூரில் காத்து நிற்கிறது என்று பஸ்ஸில் போகும்போதும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏற்றுமதி பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் வீடியோ பார்த்தும் மன்றங்களில் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கியும் படித்தது. ஆகவே பெரியம்மாவின் மகள் துசியக்கா, கிளிநொச்சியில் ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறவர், "எங்கட தூள் கப்பலில வருது, நானும் வாறன்" என்று செய்தி அனுப்பியபோது நான் என்ன நிலையில் இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலை இருபத்து மூன்று நாள் விடாமல் பார்த்தேன். மெல்பேர்னுக்கு முன்னால் இருக்கும் பாஸ் நீரிணைக்கு அருகே அது அரை நாள் அசையாமல் நின்றபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மெல்பேர்னில் தமிழ்க் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் குகன் அண்ணை, இரண்டு பலட் தூளை முயற்சிக்காக இறக்குமதி செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். பலட் என்றால் போர்க்லிஃப்ட் தூக்குகிற மரத்தட்டு. தூள் விற்றுப்போனால் அடுத்த ஓடர், போகாவிட்டால் இதோடு முடிந்தது. துசியக்காவுக்குத் திரும்பிப் போகும் விமானம் செவ்வாய் இரவு. அதற்குள் குகன் அண்ணையிடமிருந்து ஒரு பதில் வாங்காமல் போனால், கடன் எடுத்துப் புதிதாக வாங்கிய வறுக்கும் இயந்திரத்தை விற்க வேண்டியதுதான் என்று சங்கம் ஏற்கெனவே கூடி முடிவெடுத்துவிட்டது.

சிட்னி, பென்டில் ஹில், வியாழன்

துசியக்கா சிட்னியில்தான் வந்து இறங்கினார், ரிக்கெட் அதற்குத்தான் மலிவு. இருபத்தொன்பது கிலோ சூட்கேஸ். அதில் உடுப்பு ஒரு மூலையில் மட்டும்தான். மிச்சம் எல்லாம் உறவுகளுக்கு: தூள், பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மா, எள்ளுப்பாகு. விமான நிலையத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். அதிகாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, தூள் பொட்டலத்தில் மூக்கை வைத்துத் தும்மிவிட்டு, போகச் சொன்னாராம்.

மாலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் கடைக்குப் போனோம். மதுரைக்காரர் ஒருவர் நடத்துகிறார். துசியக்கா கன்டெய்னர் தூளின் மாதிரிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். அழகான பொட்டலம், பளிச்சென்ற சிவப்பு, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்து. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேக்கிங் சூப்பரா இருக்கும்மா. ஆனா போகாது."

"ஏன் அண்ணா?"

"உங்க ஊர்க்காரங்க தூள் வாங்கி நான் பார்த்ததே இல்ல. அரிசி வாங்குவாங்க, தேங்காய்ப்பால் வாங்குவாங்க. தூள் மட்டும் யாராவது ஊர்லேர்ந்து சூட்கேஸ்ல எடுத்துட்டு வந்துடுறாங்க. ஓசியில வர்றதோட நான் எப்படிப் போட்டி போடுறது?"

வெளியே வந்ததும் துசியக்கா சொன்னார்: "நான் இந்தியாக் கொம்பனியளைத்தான் போட்டியெண்டு நினைச்சனான்."

என் கையில் இருந்த பையில், அம்மாவின் தோழிக்குக் கொடுக்கும்படி துசியக்காவே கொண்டுவந்த சூட்கேஸ் தூள் இருந்தது.

ரயில், வெள்ளி

சென்ட்ரல் நிலையத்தில் காலை ரயில். ஏறத்தாழ 950 கிலோமீட்டர், பதினொரு மணித்தியாலம். முன்கூட்டியே போட்டதால் ஆளுக்கு 78 டொலர். விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும், மலிவாகவும் கிடைக்கும், ஆனால் பைகளுக்குத் தனியாக எடுக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள். பை எடுத்துப் போகிறவர்களுக்கு ரயில்தான். ஒரு பைக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே சூட்கேஸை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

சாப்பாட்டுப் பெட்டியில் வாங்காதீர்கள், கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிப் போனோம். கவுல்பர்ன் தாண்டும்போது திறந்ததில் முன் இருக்கை அம்மா திரும்பி, அது என்ன மணம் என்று கேட்டார். துசியக்கா ஒரு இடியப்பத்தை அவருக்கும் கொடுத்தார். அவர் கண் கலங்க, மூக்கு ஒழுக, சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். சந்தை ஆய்வு என்று நான் கைபேசியில் குறித்துக்கொண்டேன்.

வாகா வாகா வரை துசியக்கா நல்ல உற்சாகம். செம்மறி ஆடுகளைப் பார்க்கும்போதெல்லாம் "இவ்வளவு ஆட்டுக்கும் எவ்வளவு தூள் வேணும்" என்று கணக்குப் பார்த்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கிப்போய்க் கேட்டார்.

"அபி, உண்மையைச் சொல்லு. நாங்கள் சின்னத் தீவு. ரெண்டு பலட் அனுப்ப எங்களுக்கு விழுற செலவு, பெரிய கொம்பனி இருபது அனுப்பேக்கை ஒரு பலட்டுக்கு விழுறதை விடக் கூட. விலையில வெல்லவே ஏலாது. அப்ப எதில வெல்லுறது?"

நான் இணையத்தில் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். தரச் சான்றிதழ், வணிகப் பெயர், பல சிறிய உற்பத்தியாளர்கள் ஒரே கன்டெய்னரைப் பங்கு போடுவது, மூலப்பொருளாக விற்காமல் பெறுமதி கூட்டி விற்பது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதெல்லாம் நாங்கள் செய்திட்டம், பிள்ளை" என்றார். உண்மைதான். அந்தப் பன்னிரண்டு பேரும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். வறுக்கும்போது தலைக்கு வலை கட்டுகிறார்கள். ஆய்வுகூட அறிக்கை இருக்கிறது. இங்கே துறைமுகத்தில் உணவுப் பரிசோதனைக்கு எடுத்தபோதும் குறை ஒன்றும் இல்லை.

டார்னெய்ட்

மெல்பேர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து டார்னெய்ட்டுக்கு இன்னொரு ரயில், அரை மணித்தியாலம். மெல்பேர்ன் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் காசு ஏற்றிவைக்கும் மைக்கி அட்டையை மறக்காதீர்கள், சிட்னியைப் போல வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்து வாசலில் முழிக்காதீர்கள். நான் முழித்தேன்.

ராணி அன்ரி வீட்டில் தங்கினோம். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வந்து கால் கழுவ முன்னமே துசியக்கா அன்ரியின் குசினிக்குள் போய்க் கேட்டார்.

"அன்ரி, நீங்கள் என்ன தூள் போடுறனீங்கள்?"

அன்ரி உறைபெட்டியைத் திறந்து காட்டினார். மேல் தட்டு முழுக்கத் தூள். ஐஸ்கிரீம் டப்பா, பால்மா ரின், ஊறுகாய்ப் போத்தல், ஒவ்வொன்றிலும் யார் கொண்டுவந்தது என்று எழுதி ஒட்டிய காகிதம். மச்சாள் சாந்தி, கொண்டு வந்தது போன வருசம். சின்னமாமி, அதற்கு முந்தின வருசம்.

"பழசாப் போகாதோ?"

"போகும்தான். மணம் போயிடும். எண்டாலும் ஊர்த் தூளெல்லே." அன்ரி ரின்னைத் திரும்ப உள்ளே வைத்தார். "நீ வேற என்ன கொண்டு வந்தனீ? எள்ளுப்பாகு இல்லையோ?"

இரவுச் சாப்பாட்டுக்குத் துசியக்கா கன்டெய்னர் தூளில் கோழி வைத்தார். அன்ரி மரியாதைக்குச் சாப்பிட்டார். ஆனால் ஊர்க் கறி என்றால் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கும் அவருடைய மகள் மதுரா, பதினான்கு வயது, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

"இட்ஸ் ஆக்சுவலி நைஸ்," என்றாள். "நாட் பெயின்ஃபுல்."

"பாத்தியோ," என்றார் துசியக்கா, என்னைப் பார்த்து. "இது வெளிநாட்டு நாக்குக்கெண்டு நானே யோசிச்சு அளவு போட்டது. பயிற்சி வகுப்பில சொன்னவை, உறைப்புக் குறைக்கோணும், நிறம் பளிச்செண்டு இருக்கோணும், கறுக்க வறுத்தால் கருகினது எண்டு திருப்பி அனுப்புவினம் எண்டு."

அந்த வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

துறைமுகமும் குகன் அண்ணையும், சனி

காலையில் அன்ரியின் காரில் வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறினோம். கார் நிறுத்த முடியாது, ஆகவே பாலத்தின் உச்சியில் இருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கீழே துறைமுகம் முழுக்கக் கன்டெய்னர்கள், பிள்ளைகள் அடுக்கிவைத்த வண்ணக் கட்டைகள் மாதிரி. நான் சத்தம் போட்டுவிட்டேன். அன்ரி திரும்பிப் பார்த்ததில் கார் கொஞ்சம் ஆடியது. இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இடப்பக்கத்தில் உட்காருங்கள், ஓட்டுகிறவருக்கு எதையும் காட்டாதீர்கள். நின்று பார்க்க வேண்டுமென்றால் வில்லியம்ஸ்டவுன் கரைக்குப் போங்கள், காசில்லை, கடற்பறவைகளுக்குச் சிப்ஸ் மட்டும் செலவு.

குகன் அண்ணையின் களஞ்சியம் அங்கிருந்து பதினைந்து நிமிடம். எங்களுடைய இரண்டு பலட்டும் ஒரு மூலையில் நெகிழி சுற்றிக் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்று நாள் ஒரு நீலப் புள்ளியாகப் பார்த்த பொருள் இப்போது கைக்குக் கீழே.

குகன் அண்ணை நேர்மையான ஆள், சுற்றி வளைக்கவில்லை.

"மூண்டு கடைக்குக் குடுத்துப் பாத்தனான், தங்கச்சி. திரும்பி வந்திட்டுது. ருசி தெரிஞ்ச சனத்துக்கு சூட்கேஸ் வருது. ருசி தெரியாத சனம் மலிவாப் பாத்து இந்தியாத் தூள் எடுக்குது. ரெண்டுக்கும் நடுவில உங்களுக்கு எங்கை இடம்?"

துசியக்கா திரும்பி அந்த இரண்டு பலட்டையும் பார்த்தார்.

"திங்கள் காலமை ஸ்பிரிங்வேல் கடையில நிப்பன். வாங்கோ. மிச்சத்தை என்ன செய்யிறதெண்டு கதைப்பம்." மிச்சம் என்றார். அடுத்தது என்று சொல்லவில்லை.

போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ரூபன் அண்ணை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வரும்போது வண்டியை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"நாளைக்கு ஞாயிறு. நாங்கள் நாலு பேர் ஸ்பிரிங்வேலில ஒரு வீட்டில இருக்கிறம். நண்டு வாங்குவம். உங்கட தூளைக் கொண்டு வந்து நீங்களே சமைச்சுப் போடுங்கோ. கடைக்காரர் சொல்லுறதை விடுங்கோ, நாங்கள் சாப்பிட்டுச் சொல்லுறம்."

"உங்களுக்கும் சூட்கேஸில வருமே, அண்ணை?" என்று கேட்டேன். எவ்வளவு யோசனை இல்லாத கேள்வி.

அவர் சிரித்தார். "எங்களுக்கு ஆர் பிள்ளை கொண்டு வாறது? நாங்கள் போகவும் ஏலாது, போனால் திரும்பி வரவும் ஏலாது. வீட்டுக்காரர் வர விசாவும் இல்லை. மற்றவையின்ர பையில ரெண்டு கிலோ இடம் கேட்டால், அவைக்குச் சொந்தக்காரர் இருக்கினம்தானே."

ஸ்பிரிங்வேல், ஞாயிறு

டார்னெய்ட்டிலிருந்து அன்ரியின் காரில், நான் ஓட்ட, 55 கிலோமீட்டர், ஞாயிறு காலை ஒரு மணித்தியாலத்துக்குள். கார் இல்லாவிட்டால் ரயிலில் நகரத்துக்கு வந்து மாற வேண்டும், இரண்டு மணித்தியாலம் வையுங்கள். சந்தைக்குப் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு நண்டு கிடைக்கும், நல்ல நண்டு கிடைக்காது. ரூபன் அண்ணை ஒவ்வொரு நண்டையும் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்ததில் வியட்நாமிய மீன்கார அம்மா கத்தியைக் காட்டிச் சத்தம் போட்டார். பிறகு இவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் என்று தெரிந்தது, கடைசியில் அவரே ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தார்.

வீடு சின்னது. உட்கார நாலு கதிரை, சாப்பிட நாலு கோப்பை, வந்தவர்களுக்குப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். அகதிகளாகப் படகில் வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் நிரந்தர விசா கிடைக்காத ஆட்கள். ஒருவர் வர்ணம் பூசுகிறார், ஒருவர் கோழித் தொழிற்சாலை, சேகர் என்பவருக்கு இரவு வேலை, வந்து வணக்கம் சொல்லிவிட்டுச் சாப்பாடு வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

துசியக்கா கன்டெய்னர் பொட்டலத்தைத் திறந்தபோது ரூபன் அண்ணை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் கப்பலில தானே வந்தது?"

"ஓம்."

"நாங்களும்தான். ஒரே வகுப்பு." மற்றவர்களைப் பார்த்தார். "ஆனால் பாருங்கோடாப்பா, தூளுக்கு விசா குடுத்திட்டாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். துசியக்காவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று பிறகு யோசித்தேன்.

கறி வந்தது. செக்கச்செவேல் என்று, படம் எடுத்துப் போட்டால் ஆயிரம் விருப்பம் விழும் நிறம். சேகர் அண்ணையைத் தூக்கத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் இருந்தார்கள். நண்டை உடைத்தார்கள், உறிஞ்சினார்கள். "வடிவாக் கிடக்கு," என்றார் வர்ணம் பூசுகிறவர். "கலர் நல்ல வடிவு," என்றார் மற்றவர். ஆனால் குழம்புச் சட்டியின் பக்கம் ஒரு கையும் இரண்டாம் முறை போகவில்லை. சோறு இருந்தது, குழம்பும் அப்படியே இருந்தது. துசியக்காவின் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றார்.

"கோவிக்கப்படாது தங்கச்சி. நல்ல கறி. ஹோட்டல் கறி," என்றார் ரூபன் அண்ணை.

"வெளிநாட்டுக்கு இப்பிடித்தான் வேணும் எண்டு—"

"ஆர் வெளிநாட்டுக்காரர்? நாங்களோ?"

"அப்ப..."

"நீங்கள் வீட்டில இதையோ போட்டுச் சமைக்கிறனீங்கள்?"

எனக்குத் தலைக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. துசியக்கா கொண்டுவந்த சூட்கேஸ் தூளில் ஒரு பொட்டலத்தை ஸ்பிரிங்வேலில் இருக்கும் தன் தோழிக்குக் கொடுக்கும்படி அன்ரி தந்துவிட்டிருந்தார், அது காரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். தோழி அன்ரி, நீங்கள் இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் பொட்டலம் நாட்டுக்காகப் போய்விட்டது.

பழைய பொலித்தீன் பையில் நூல் கட்டிய தூள். கிட்டத்தட்டக் கறுப்பு. துசியக்கா மிச்ச நண்டை எடுத்தார், புதுச்சட்டி வைத்தார். எண்ணெயில் வெங்காயம் வதங்க, தூளைப் போட்டார்.

முதலில் இருமல். எல்லோருக்கும். சன்னலைத் திறந்தோம். அப்புறம் அந்த மணம், வறுத்த மல்லியும் வெந்தயமும் கறிவேப்பிலையும், குசினியை விட்டு நடையில் இறங்கிப் போனது. மூடியிருந்த கதவு திறந்தது. சேகர் அண்ணை சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாதிக் கண் மூடியபடி வந்து நின்றார்.

"ஆர் ஊருக்குப் போட்டு வந்தது?"

அந்த வீட்டில் அந்த மணத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: யாரோ ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

"ஒருத்தரும் போகேல்லை மச்சான்," என்றார் ரூபன் அண்ணை. "இரு. சாப்பிடு."

அந்தச் சட்டியில் குழம்பு மிஞ்சவில்லை. பாண் ரொட்டியைப் பிய்த்துத் துடைத்தார்கள். சேகர் அண்ணை கண்ணீரும் மூக்குமாக, உறைப்பில்தான் என்று வைத்துக்கொள்வோம், கோப்பையை மூன்றாம் முறை நீட்டினார்.

திரும்பி வரும்போது மொனாஷ் நெடுஞ்சாலையில் துசியக்கா திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"அபி, நாங்கள் எவ்வளவு விசர்ச் சனம் எண்டு பார். சொந்தக்காரருக்கெண்டு நல்லதைத் தனியா வறுத்து சூட்கேஸில வைக்கிறம். விக்கிறதுக்கெண்டு வெளிறினதைக் கன்டெய்னரில ஏத்துறம். பிறகு சூட்கேஸ் எங்களை வெண்டிட்டுது எண்டு அழுறம்."

ஸ்பிரிங்வேல், திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் குகன் அண்ணையின் கடை. பொரித்து இறக்கிய வடையை அவர் முதலில் கையில் தந்தார், அதுதான் நான் சொன்ன வடை. துசியக்கா இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தின நாள் சமைத்து மிஞ்சிய கறுப்பைத் திறந்தார்.

குகன் அண்ணை குனிந்து மணந்து பார்த்தார். நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"இது எது?"

"எங்கட ஆக்களுக்கெண்டு சூட்கேஸில கொண்டு வந்தது."

"அப்ப எனக்கு அனுப்பினது ஆருக்கு?"

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். துசியக்கா ஒளிக்காமல் சொன்னார்: யாரென்று தெரியாத ஒருவருக்கு. நேற்று நடந்ததையும் சொன்னார், சேகர் அண்ணை கேட்ட கேள்வியையும்.

"எல்லாருக்கும் சூட்கேஸ் வருதெண்டு சொன்னீங்கள் அண்ணை. வராத ஆக்கள் இருக்கினம்."

"ரூபன்ர வீட்டில நாலு பேர். நாலு பேருக்குக் கப்பல் விடுறதோ?"

"நாலு பேரோ? ராணி அன்ரியின்ர உறைபெட்டியில ரெண்டு வருசப் பழசு கிடக்கு. அவவுக்கும் புதுசு வேணும், கேக்கத்தான் ஆளில்லை." பிறகு துசியக்கா, யோசித்துக் கேட்டாரா தற்செயலாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது, மெல்லக் கேட்டார்: "உங்களுக்கு ஆர் அண்ணை கொண்டு வாறவை?"

குகன் அண்ணை பொட்டலத்தின் வாயை மடித்தார். திரும்ப விரித்தார்.

"அம்மா இருக்கேக்கை வந்தது," என்றார். "அதுக்குப் பிறகு... நான் யாவாரி எல்லே, எனக்கு ஆர் தூள் கொண்டு வரப் போகினம். கடையில கிடக்கும்தானே எண்டு நினைப்பினம்."

உள்ளே யாரோ பெட்டி திறக்கும் சத்தம். குகன் அண்ணை கணக்குப் போடும் இயந்திரத்தை எடுத்தார், தட்டினார், வைத்தார்.

"விலை கூடத்தான் வரும். பரவாயில்லை. ஊரிலயிருந்து ஆர் கொண்டு வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு. சின்னப் பைக்கற்றாப் போடுங்கோ. வறுத்த திகதியை முன்பக்கத்தில பெரிசா அடியுங்கோ, உறைபெட்டியில கிடக்கிற ஒண்டிலயும் அது இல்லை. நாலு பலட் அனுப்புங்கோ."

நாலு. வடை விழுந்தது அப்போதுதான்.

"அப்ப அந்தச் சிவப்பு?" என்று நான் கேட்டேன், ஏனென்றால் களஞ்சியத்தில் அது மலை மாதிரி இருந்தது. துசியக்கா என்னைப் பார்த்தார், நான் துசியக்காவைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: மதுரா.

அன்று மாலையே ராணி அன்ரி தன் பள்ளிக்கூட அம்மாமாருக்குச் செய்தி போட்டார்: இங்கே பிறந்த பிள்ளைகள் அழாமல் சாப்பிடும் தூள். செவ்வாய் காலை, களஞ்சியத்திலிருந்து அன்ரி வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டிகளில் 'பிள்ளைகளின் தூள்' என்று ஒட்டுத்தாள் ஒட்டினோம், மதுரா பள்ளிக்கூடம் போக முன் நாற்பது ஒட்டினாள், கூலியாக மூன்று பைக்கற் கேட்டாள். விமான நிலையத்தில் துசியக்கா வெறும் சூட்கேஸை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். கிளிநொச்சிக்குப் போய்ச் சேர முன்னமே அங்கே இயந்திரத்தை மினுக்கித் துடைத்து வைத்துவிட்டார்களாம்.

போக நினைக்கிறவர்களுக்கு

பொருளோடு வந்து சந்தை பார்க்க விரும்பும் சிறிய உற்பத்தியாளர்களே, என் வீடியோப் பொருளாதாரத்தை விட இந்த ஆறு நாள் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது. கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், வீடுகளின் உறைபெட்டியைப் பாருங்கள். நாலு வீட்டில் சமைத்துப் போட்டு, இரண்டாம் முறை கை போகிறதா என்று மட்டும் கவனியுங்கள், வாய் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள். சின்னத் தீவு விலையில் வெல்லாது. ஆனால் எங்கள் வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் அந்த நல்லதை உலகத்தில் வேறு ஒருவரும் அனுப்ப முடியாது, ஆகவே அதையே ஏற்றுங்கள். சாப்பாட்டுப் பொருள் எது கொண்டுவந்தாலும் எழுதிக் காட்டுங்கள், வர முன்னம் விதிகளைப் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும். இருவருக்கும் போக்குவரத்து, சாப்பாடு, நண்டு, என் மைக்கி முழிப்பு எல்லாம் சேர்த்து 340 டொலருக்குள் முடிந்தது, தங்கினது அன்ரியின் புண்ணியம்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். உங்கள் தெருவில் சூட்கேஸ் வராத ஒரு வீடு இருக்கும். விசாவால் போக முடியாதவர், ஊரில் ஒருவரும் மிஞ்சாதவர், எல்லோருக்கும் இருக்கும் என்று நாம் நினைத்துக் கேட்காமலே விட்டவர். ஆளின் பெயர் வேண்டாம், இடத்தின் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள். சிட்னியிலும் எந்தக் கடைகளில் பெட்டி இறங்க வேண்டும் என்று துசியக்கா அதைப் பார்த்துத்தான் குகன் அண்ணையிடம் பேசப்போகிறார். இதை உங்கள் குடும்பக் குழுக்களில் போடுங்கள், அங்கேதான் இப்போதும் யாரோ ஒருவர் "ஆராவது ஊருக்குப் போறீங்களோ, ரெண்டு கிலோ இடம் இருக்கோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் போன கிழமை என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். முதல் பெயரை நானே எழுதிவிட்டேன்: பென்டில் ஹில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி.